ஈயத்துக்கு எந்த ஊர்?

அரிசிக்கு ஊர் உண்டு, மாம்பழத்துக்கு ஊர் உண்டு, மிளகாய்க்கும் உண்டு. ஆனால் சுத்தமான பொருளுக்கு ஊர் கிடையாது என்பதுதான் வேதியியல் தன்னை ஓர் அறிவியலாக நிறுவிக்கொள்ள முதலில் வைத்த அஸ்திவாரம். 1799 இல் ஸ்பெயினில் பணியாற்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஜோசப் ப்ரூஸ்ட், ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில்தான் கூடும் என்று வாதிட்டார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஊர்ப்பெயர்கள் முக்கியமானவை. ஜப்பானில் வெட்டிய சாதிலிங்கமும் ஸ்பெயினில் வெட்டிய சாதிலிங்கமும் ஒன்றே. பெருவின் வெள்ளிக் குளோரைடுக்கும் சைபீரியாவின் வெள்ளிக் குளோரைடுக்கும் வேறுபாடு இல்லை. மண்ணுக்குள் விளைந்த தாமிரக் கார்பனேட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்ததும் ஒரே பொருள். கலவை எது, சேர்மம் எது என்று இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் பிரித்துச் சொல்வது இந்த வாதத்தின் பயன். கலவைக்குப் பிறந்த இடம் உண்டு, கலந்தவரின் கைப்பக்குவம் உண்டு. சேர்மத்துக்கும் தனிமத்துக்கும் அவை கிடையாது. இந்தக் கோட்பாடு நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1914 இல் அது தனிமத்தின் விஷயத்திலேயே உடைந்தது. உடைத்த பொருள் வெறும் ஈயம். அந்த ஈயம் இலங்கையிலிருந்து போன கனிமக் கல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அணுவின் அமைப்பைப் பற்றிய நம் இன்றைய அறிவைக் கோட்பாட்டாளர்களின் மேசைகளிலிருந்து பிறந்ததாகவே பாடநூல்கள் சொல்லிவருகின்றன. கனிமங்களின் ஊரும் அந்த அறிவில் சமபங்கு வகித்தது என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

உடைந்தது எவ்வளவு பெரியது என்று தெரிய, உடையுமுன் அது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஜான் டால்டன் 1808 இல் வெளியிட்ட நூலில் ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் எடையில் ஒன்றுபோலவே இருக்கும் என்றார். யாரும் பார்த்திராத அணுவுக்கு அவர் தந்த ஒரே அங்க அடையாளம் எடைதான். அதன் பிறகு அந்த எடையைக் கண்டறிவது ஐரோப்பிய வேதியியலாளர்களின் தனித் தொழிலாகவே ஆயிற்று. பொற்கொல்லரின் தராசைவிட நுட்பமான தராசுகள், மழைநீரைவிடத் தூய வடிநீர், ஒரே உப்பை இருபது முறை கரைத்துப் படிகமாக்கும் பொறுமை ஆகியவை இந்தத் தொழிலின் மூலதனம். ஸ்வீடனின் பெர்சீலியஸ், பெல்ஜியத்தின் ஸ்டாஸ் போன்றவர்கள் வாழ்நாளையே இதில் செலவழித்தார்கள். எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகளாக இருக்கும் என்று லண்டன் மருத்துவர் ப்ரௌட் 1815 இல் சொன்ன அழகான யோசனையை, குளோரினின் எடை 35.5க்கு அருகில் நின்று நகர மறுத்ததைக் காட்டி ஸ்டாஸ் புதைத்தார். 1869 இல் மெண்டலீவ் அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை எடை ஏறுவரிசையில்தான் அடுக்கினார். டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9 என்று வரிசை ஓரிடத்தில் இடறியது. அளந்தவர் கை தவறியிருக்கும் என்று அவர் நம்பினார். யார் கையும் தவறவில்லை என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் தியோடர் ரிச்சர்ட்ஸ் இந்தத் தொழிலின் கடைசிப் பெரிய கைவினைஞர். சுப்பீரியர் ஏரிக்கரைத் தாமிரத்தையும் ஜெர்மனியின் தாமிரத்தையும் தனித்தனியே அளந்து இரண்டும் ஒரே எடைதான் என்று காட்டியவர் அவர். அவருடைய ஹார்வர்டு சகாவான பாக்ஸ்டர் விண்கல்லிலிருந்து எடுத்த இரும்பைக்கூட நிறுத்துப் பார்த்தார். அதுவும் பூமி இரும்பின் எடையிலேயே இருந்தது. ஆகவே, தனிமத்துக்கு ஊர் இல்லை என்பது சோம்பேறித்தனமான நம்பிக்கை அல்ல. சோதித்துச் சோதித்து உறுதிசெய்த முடிவு அது. அதனால்தான் அது உடைந்த விதம் கவனிக்கத் தக்கது.

கதையின் அடுத்த பகுதிக்கு இலங்கையின் சபரகமுவைக்குப் போக வேண்டும். இரத்தினபுரி, பலாங்கொடை வட்டாரத்தில் இரத்தினக்கல் எடுப்பவர்கள் வயலிலும் ஆற்றுப் படுகையிலும் குழி வெட்டி, சரளை அடுக்கை வாரி, கூடையிலிட்டுத் தண்ணீரில் சுழற்றி அரிப்பார்கள். அந்தச் சரளை அடுக்குக்குச் சிங்களத்தில் இல்லம் என்று பெயர். நம் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. சுழற்றும்போது லேசான மணலும் களியும் தண்ணீரோடு போய்விடும்; கனமானவை கூடையின் அடியில் தங்கும். நீலக்கல், புட்பராகம், கோமேதகம் எல்லாம் அந்த அடிவண்டலில்தான் கண்ணில் படும். அவற்றோடு விலைபோகாத கறுப்புக் கற்களும் தங்கும். 1904 வாக்கில் ஹாலந்து என்பவர் பலாங்கொடைப் பகுதியின் அரிப்பு வண்டலில் கண்டெடுத்த சிறு கறுப்புக் கனசதுரங்கள் அப்படிப்பட்டவை. இரும்பைவிட அடர்த்தி மிக்கவை. அவற்றை ஆராய்ந்தவர் இலங்கைக் கனிம அளவைத் துறையின் இயக்குநரான ஓர் இளைஞர்: சர் முத்துக் குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி. தமிழ் வாசகர் அவரைக் கலை வரலாற்றாசிரியராக, நடராஜர் தத்துவத்தை மேற்குக்கு விளக்கியவராக அறிவர். அதற்கு முன் அவர் லண்டனில் நிலவியல் படித்தவர்; 1903 முதல் 1906 வரை அவர் தொழில் கல் பார்ப்பது. இங்கே ஊர்ப்பெருமைக்கு ஓர் அளவு வைக்க வேண்டும். குமாரசாமி அந்தக் கனிமத்தை யுரேனினைட் என்றே முதலில் வகைப்படுத்தினார். அது புதிய கனிமம், அதில் முக்கால் பங்குக்குத் தோரியம் ஆக்சைடு இருக்கிறது என்று பகுத்துச் சொல்லித் தோரியனைட் என்று பெயரிட்டவர் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் டன்ஸ்டன். கூடையைச் சுழற்றிய கைகளின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

கறுப்புக் கல்லுக்கு லண்டனில் ஏன் அத்தனை மதிப்பு? காரணம் வெளிச்சம். ஆஸ்திரியாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891 இல் தோரியம் ஆக்சைடோடு நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு சேர்த்து விளக்கு வலை செய்தார். வாயு விளக்குகள் ஐரோப்பியத் தெருக்களில் வெள்ளையாக எரியத் தொடங்கின. நம் கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸின் மேண்டில் அதன் வாரிசு. தொட்டால் அது உதிர்ந்துபோவதை 1984 இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் ஊரே பார்த்துச் சிரித்தது. எரிந்த பின் அதில் நூலே இல்லை, நூல் உருவத்தில் நிற்கும் தோரியம் ஆக்சைடு மட்டும்தான் இருக்கிறது என்பதே அது உதிர்வதற்குக் காரணம். இந்த வலைக்காகத்தான் உலகெங்கும் தோரியம் தேடப்பட்டது. 1909 இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியக் கனிமமான மோனசைட்டைக் கண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் இதே தேவையால்தான். விளக்கு வணிகம் இல்லாவிட்டால் இந்தக் கனிமங்கள் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குக் கிலோக்கணக்கில் போயிருக்க மாட்டா. விஞ்ஞானி கையில் ஓர் அபூர்வப் பொருள் போதிய அளவு கிடைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு கடைக்காரர் காரணமாக இருந்திருக்கிறார்.

தோரியம் கதிர்வீசும் தனிமம் என்பது 1898 இல் தெரிந்தது. 1904 இல் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் லண்டனுக்கு வந்தார். வந்த நோக்கம் ஆங்கிலம் பழகுவது. பழகினால் ஒரு தொழிற்சாலை வேலை கிடைக்கும். வில்லியம் ராம்சே அவரிடம் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தபோது ரேடியத்தோடு வேறொன்றும் கிடைத்தது: தோரியத்தைவிடப் பல மடங்கு தீவிரமாகக் கதிர்வீசும் ஒரு பொருள். ஹான் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் போல்ட்வுட் நம்பவில்லை. அது ஏற்கெனவே தெரிந்திருந்த தோரியம் எக்ஸ் என்ற பொருளும் முட்டாள்தனமும் சேர்ந்த கலவை என்று ரூதர்ஃபோர்டுக்கு எழுதிக் கேலி செய்தார். ஆனால் சில ஆண்டுகளில் போல்ட்வுட்டுக்கே அதே தொல்லை வந்தது. அயோனியம் என்று தாம் கண்ட பொருளைத் தோரியத்தோடு ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு எந்த வேதிவினையாலும் பிரிக்க முடியவில்லை. 1907 இல் வேதியியலாளர்கள் மக்காயும் ராஸும் ரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து வேதிமுறையில் பிரிக்கவே முடியாது என்று முடிவு சொன்னார்கள். இந்தத் தோல்விகளையெல்லாம் அடுக்கிப் பார்த்து, இவை தோல்விகள் அல்ல, செய்தி என்று படித்தவர் கிளாஸ்கோவின் ஃப்ரெடரிக் சாடி. வேதியியலால் பிரிக்க முடியாதவை வேதியியலைப் பொறுத்தவரை ஒரே தனிமம். எடையும் கதிர்வீச்சும் மட்டும் வேறு. தனிம அட்டவணையில் அவை ஒரே கட்டத்தில் உட்கார வேண்டும். 1913 டிசம்பரில் அவர் இதற்கு ஐசோடோப்பு என்ற பெயரை அச்சிலேற்றினார். கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்று பொருள்படும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மருத்துவரும் நாவலாசிரியருமான மார்கரெட் டாட். தமிழில் நாம் ஓரிடத்தான் என்கிறோம், இலங்கைப் பாடநூல்கள் சமதானி என்கின்றன; இரண்டும் அதே பொருளில்தான். அட்டவணையில் ஒரே இடம் உள்ளவற்றை மெய்ப்பித்துக் காட்ட மண்ணில் வேறு வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

மெய்ப்பிக்கும் வழியைச் சாடியின் கணக்கே காட்டியது. யுரேனியமும் தோரியமும் கதிர்வீசிக் கதிர்வீசி இறுதியில் ஈயமாகின்றன. ஓர் ஆல்ஃபா துகள் வெளியேறும்போதெல்லாம் எடை 4 குறையும். யுரேனியம் 238 எட்டுத் துகள்களை இழந்தால் மீதி 206. தோரியம் 232 ஆறு துகள்களை இழந்தால் மீதி 208. சாதாரண ஈயமோ 207.2. அப்படியானால் யுரேனியக் கனிமத்தில் ஒளிந்திருக்கும் ஈயம் லேசாகவும், தோரியக் கனிமத்தில் இருக்கும் ஈயம் கனமாகவும் இருக்க வேண்டும். டால்டன் சரியென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக ஆம், இல்லை என்று பதில் கேட்கும் சோதனை அறிவியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை. 1914 இல் சாடியும் அவருடைய மாணவர் ஹைமனும் இலங்கைத் தோரைட்டிலிருந்து ஈயத்தை எடுத்து அளந்தார்கள். தோரைட் என்பது தோரியனைட் அல்ல. அது தோரியம் சிலிக்கேட், யுரேனியம் மிகக் குறைந்தது. கிடைத்த எடை 208.4. அதே ஆண்டில் ஹார்வர்டில் ரிச்சர்ட்ஸும், ஜெர்மனியின் ஃபயான்ஸ் அனுப்பிவைத்த மாணவர் லெம்பெர்ட்டும் யுரேனியம் கலந்த கனிமங்களின் ஈயத்தை அளந்தார்கள். வட கரோலினாவின் ஈயம் 206.40, போஹீமியாவின் யோகிம்ஸ்தால் 206.57, கொலராடோ 206.59, இலங்கைத் தோரியனைட் 206.82, இங்கிலாந்து 206.86; அதே கையால் அளந்த சாதாரண ஈயம் 207.15. ப்ரூஸ்டின் ஊர்ப்பட்டியல் திரும்ப வந்துவிட்டது, ஆனால் இம்முறை ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எடை. ஒரே தீவின் இரண்டு கனிமங்கள் சாதாரண ஈயத்தின் இரு புறமும் நின்றதையும் கவனியுங்கள். தோரியனைட்டில் கணிசமான யுரேனியம் உண்டு, யுரேனியம் தோரியத்தைவிட வேகமாகச் சிதையும். அதனால் அதன் ஈயம் லேசு. ஊர் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டுமல்ல, அந்தக் கல் எதோடு கூடி எத்தனை காலம் இருந்தது என்பதும்தான்.

சாடியின் 208.4 சற்றே மிகை. சிறிதளவு ஈயத்தில் செய்த அளவை அது. பிறகு அவர் பெரிய அளவில் தோரைட்டைக் கரைத்துப் போதிய ஈயம் எடுத்து, அதன் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட 0.26 சதவீதம் கூடுதல் என்று காட்டினார். அணுவின் பருமன் மாறாமல் எடை மட்டும் கூடியிருந்தால் வர வேண்டிய வேறுபாடு இதுதான். அந்த ஈயத்தை ஆஸ்திரியாவின் ஹோனிக்ஷ்மிட்டும் அளந்து 207.77 என்றார். அந்த முடிவு 1917 இல் வெளிவந்தபோது சாடியின் நாடும் ஹோனிக்ஷ்மிட்டின் நாடும் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டுக்கொண்டிருந்தன.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஈயத்துக்கு முன்பே, 1913 இன் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு தடங்களைக் கண்டுவிட்டார். 1919 இல் ஆஸ்டன் தம் நிறைநிரல் கருவியால் குளோரினை 35, 37 என்று பிரித்துக் காட்டி, ப்ரௌட்டைக் கல்லறையிலிருந்து எழுப்பிவிட்டார். கல்லும் கூடையும் இல்லாமலே இந்த உண்மை வெளிவந்திருக்கும் அல்லவா? வந்திருக்கும்தான். ஆனால் வரலாறு வந்த வழியைத்தான் சொல்ல வேண்டும். 22 என்ற தடம் ஹைட்ரஜன் சேர்ந்த ஏதோ ஒரு நியான் சேர்மமாக இருக்கலாம் என்று தாம்சனே ஐயப்பட்டார். ஆஸ்டனின் கருவி வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, எடை பார்ப்பதையே மதமாகக் கொண்டிருந்த வேதியியலாளர்களை அவர்களுடைய சொந்தத் தராசே ஒப்புக்கொள்ள வைத்தது. ரிச்சர்ட்ஸ் சாடியின் கட்சிக்காரர் அல்ல. அணு எடை மாறாதது என்று காட்டி வாழ்ந்தவர். அவர் தராசு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு. அந்த 1914 க்கான வேதியியல் நோபல் பரிசு அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக அவருக்கே தரப்பட்டது என்பது, பரிசுக் குழுவினர் நினைத்திராத நகைச்சுவை.

இன்னொரு மறுப்பு மோஸ்லியின் பெயரால் வரும். 1913-14 இல் அவர் எக்ஸ்-கதிர்களை அளந்து, தனிமத்தின் அடையாளம் எடையல்ல, அணு உட்கருவின் மின்னேற்றம், அதாவது அணு எண் என்று காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவின் இடறல் தீர்ந்தது. 1915 ஆகஸ்டில் கல்லிப்போலிப் போர்க்களத்தில் அவர் இறந்தபோது வயது 27. அவருடைய கண்டுபிடிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் அவர் காட்டியது வரிசைப்படுத்த எது உதவும் என்பது. எடை உதவாது என்பதை, அதாவது ஒரே எண்ணுக்குள் எடை மாறலாம், மாறியும் வேதிக்குணம் மாறாது என்பதை, ஈயமே காட்டியது. எடை ஏன் மாறுகிறது என்பதற்கான விளக்கம் 1932 இல் சாட்விக் நியூட்ரானைக் கண்ட பிறகே முழுமை பெற்றது: உட்கருவில் புரோட்டான் 82 இருந்தால் ஈயம்; நியூட்ரான் 124 ஆனாலும் 126 ஆனாலும் ஈயம்தான்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. தோரைட் ஈயமும் யுரேனினைட் ஈயமும் வெவ்வேறு அணுக்களின் கலவைகள். கலவைக்கு ஊர் உண்டு என்று ப்ரூஸ்டே சொன்னார். ஆகவே உடைந்தது எதுவும் இல்லை, நாம் தனிமம் என்று நினைத்தது கலவை என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவே. ஃபயான்ஸ் ஏறக்குறைய இந்தப் பக்கம் நின்றார். ஒவ்வோர் ஐசோடோப்பையும் தனித் தனிமமாகக் கொள்ள வேண்டும் என்றார். வியன்னாவில் பயின்ற பானெத், வேதிவினையால் பிரிக்க முடியாதது தனிமம் என்ற பழைய இலக்கணமே போதும் என்று வாதாடி வென்றார். வென்றிருக்காவிட்டால் நம் அட்டவணையில் இன்று நூற்றுச் சொச்சக் கட்டங்களுக்குப் பதில் பல நூறு கட்டங்கள் இருக்கும். பானெத்தின் தீர்ப்பு நல்ல தீர்ப்பு, ஆனால் இலவசமாகக் கிடைத்ததல்ல. 1931 இல் யூரி கண்ட கன ஹைட்ரஜனால் ஆன நீர் 3.8 டிகிரியிலேயே உறைகிறது. அதில் குணவேறுபாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனிமம் என்ற வகைப்பாடு நிலைத்தது, அது ஊரைப் பொருட்படுத்தாமல் இருக்கத் தீர்மானித்ததால். ஊர் இல்லை என்று இயற்கை சொன்னதால் அல்ல.

வேதியியல் தள்ளிவிட்ட ஊரைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள். 1938 இல் ஆல்ஃபிரட் நீர், சாதாரண ஈயம் என்று எல்லாரும் ஒதுக்கிய சுரங்க ஈயத்திலும் 204, 206, 207, 208 ஆகியவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறு என்று காட்டினார். 206 கூடும் இடத்தில் 208 உம் கூடிவிடுவதால் சராசரி எடை அசையாமல் இருந்து, ரிச்சர்ட்ஸின் தலைமுறையை ஏமாற்றியிருக்கிறது. அந்த விகிதங்களைக் கொண்டுதான் 1956 இல் கிளேர் பாட்டர்சன் பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். குமாரசாமி பின்னாளில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்து தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளைப் பற்றி எழுதினார். ரிச்சர்ட்ஸின் ஆய்வுக்கூடம் இருந்த அமெரிக்கக் கேம்பிரிட்ஜ் அங்கிருந்து ஆற்றுக்கு அக்கரை. அத்தகைய திருமேனிகளின் உலோகத்தில் ஈயமும் உண்டு. ஷாரதா ஸ்ரீநிவாசன் 1990களில் தென்னிந்தியத் திருமேனிகள் பலவற்றின் ஈய ஐசோடோப்பு விகிதங்களை ஆராய்ந்து, எது எந்தக் காலத்தது என்பதற்கு அதைச் சான்றாக்கினார். பள்ளி அட்டவணைகளில் ஈயத்துக்கு இன்னும் 207.2 என்ற ஒற்றை எண்தான் அச்சாகிறது. உலக வேதியியல் கூட்டமைப்பு 2021 இல் அந்த எண்ணை எடுத்துவிட்டு, ஈயத்தின் அணு எடை 206.14 முதல் 207.94 வரை என்று மாற்றி எழுதியது.